போர்னியோ காட்டுக்கு முதல்முறை போகிறீர்களா? சபா பயணத்துக்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

சபாவுக்கு முதல்முறை போனபோது காட்டுக்குள் எனக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. வந்த தொல்லை எல்லாம் காட்டைப் போய்ச் சேர்வதற்குள் வந்தது. கோலாலம்பூரில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டேன். மாலையில் சபாவின் கிழக்குக் கரை ஊரான சண்டாக்கான் போய் இறங்கியபோது விடுதி வேன் கிளம்பிப் பல மணி நேரம் ஆகியிருந்தது. தனி வண்டிக்குக் கொடுத்த காசு ஒருபக்கம் இருக்கட்டும். அதற்காகவே இரண்டு வருடம் பணம் சேர்த்துப் போன படகுச் சவாரிகளில் பாதி கைவிட்டுப் போனது. இரண்டாவது முறை எல்லாவற்றையும் வரிசையாகச் செய்துவிட்டுப் போனேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சபா மலேசியாவின் ஒரு மாநிலம். போர்னியோ தீவின் வட முனையில் இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கம் 560 கிலோமீட்டர் ஓடும் கினபாத்தாங்கான் ஆற்றின் கரையில் ஒராங்குட்டான், நீள்மூக்குக் குரங்கு, குட்டையான போர்னியோ யானை, 8 வகை இருவாச்சிப் பறவை, ஆற்று முதலை எல்லாம் இருக்கின்றன. படகில் உட்கார்ந்தபடியே இவற்றைப் பார்க்க முடிவதால், மலையேறிப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்களுக்கும் முதல் வெப்பமண்டலக் காடாக இதையே சொல்வேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிழக்கு சபாவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. ஆறு கரையைத் தாண்டும், நடைபாதைகள் முழங்கால் தண்ணீரில் கிடக்கும். நம் ஊரில் அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் வருவது சரியாக அந்த நேரத்தில்தான். விலை குறைவாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

மார்ச் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன். மழைக்காடு என்பதால் எந்த மாதமும் மாலையில் ஒரு மழை கொட்டலாம். நம்முடைய கோடை விடுமுறையான மே மாதம் இதற்குள் வந்துவிடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியர்கள் கூட்டமாக வருவார்கள், நல்ல விடுதிகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மே முதல் பாதி. மற்றவர்களுக்கு ஏப்ரல் அல்லது செப்டம்பர்.

மாதம் முடிவானதும் அதிலிருந்து 5 மாதம் பின்னால் எண்ணுங்கள். அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும்.

2. இடங்களைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு இது. நானும் செய்தேன். ஒரு வாரத்துக்குள் கினபாலு மலை, ஆமைத் தீவு, ஆறு, டானும் பள்ளத்தாக்கு என்று அடைத்துவிட்டால் பாதி நேரம் வேனில்தான் போகும்.

விலங்குகள் தெரிவது விடியலிலும் பொழுது சாயும்போதும். ஆகவே ஓர் இடத்தின் மதிப்பை அங்கே கிடைக்கும் விடியல்களையும் மாலைகளையும் வைத்துக் கணக்கிடுங்கள். ‘2 பகல் 1 இரவு’ என்று விற்கும் கினபாத்தாங்கான் திட்டத்தில் ஒரு மாலைப் படகும் ஒரு காலைப் படகும் கிடைக்கும். அந்த மாலை மழை பெய்துவிட்டால் மிச்சம் ஒன்றுதான். 3 இரவு தங்கினால் 6 சவாரி. யானைக் கூட்டம் ஆற்றை ஒட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று இல்லாதது நாளை மறுநாள் வரலாம். என் இரண்டாவது பயணத்தில் மூன்றாம் நாள் மாலையில்தான் யானைகளைப் பார்த்தேன். தாயும் குட்டியுமாகப் பதினைந்துக்கு மேல், கரையோரப் புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டார். புல் அறுபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் கணக்கு: ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் இருக்கும் செப்பிலோக்கில் 2 இரவு, கினபாத்தாங்கானில் சுக்காவ் அல்லது பிலிட் கிராமத்தில் 3 இரவு, போக வர 2 நாள். மொத்தம் 7 அல்லது 8 நாள். கையில் நிறையப் பணமும் இன்னும் 3 நாளும் இருந்தால் மட்டும் டானும் பள்ளத்தாக்கைச் சேருங்கள். 438 சதுர கிலோமீட்டர் பழங்காடு. லகாட் டத்து ஊரிலிருந்து மண்சாலையில் போக வேண்டும். அங்குள்ள பெரிய விடுதியில் 2 இரவுக்கே ஒருவருக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகும்.

3. பாஸ்போர்ட், வருகைப் பதிவு, அப்புறம் சபாவின் தனி முத்திரை

பாஸ்போர்ட்: மலேசியாவுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். முடியப் போகிறது என்றால் இப்போதே புதுப்பியுங்கள். 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2000. விமான டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதுவதில் நம் ஆட்கள் நிறைய மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

விசா: இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். 2023 டிசம்பர் 1-ல் தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் போடும் நாளில் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் தங்களுக்கான விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். விசா இல்லை என்பதால் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான வங்கிக் கணக்கு அறிக்கை ஆகிய மூன்றையும் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் சார்ஜ் தீர்ந்த நிலையில் கவுன்டர் முன்னால் நிற்பது நல்ல அனுபவம் இல்லை.

வருகைப் பதிவு: எம்.டி.ஏ.சி. என்று சொல்லப்படும் இணையப் படிவம். மலேசியா போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. தேடினால் அரசுப் பக்கம் போலவே தோற்றம் தரும் தளங்கள் வரும். ‘சேவைக் கட்டணம்’ என்று டாலரில் பிடுங்கும். என்னுடன் வந்த நண்பர் அப்படி ஒரு தளத்தில் 50 டாலருக்கு மேல் கொடுத்தார். முகவரி ‘டாட் ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

சபா முத்திரை: இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சபாவுக்குக் குடிநுழைவில் தனி அதிகாரம் உண்டு. கோலாலம்பூரிலிருந்து போவது உள்நாட்டு விமானம்தான், ஆனாலும் சபாவில் இறங்கியதும் மறுபடி ஓர் இமிகிரேஷன் கவுன்டர் இருக்கும். பாஸ்போர்ட் இல்லாமல் விட மாட்டார்கள். உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டைப் பெரிய பைக்குள் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

4. விமானம்: இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம்

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. ஏறத்தாழ 4 மணி நேரம். அங்கிருந்து சண்டாக்கானுக்கு இன்னும் 3 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கோத்தா கினபாலு வழியாகப் போனால் தேவையில்லாமல் ஒரு விமானம் கூடுகிறது; சண்டாக்கானுக்கு நேராகப் போவதைத் தேடுங்கள்.

இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கினால் மலிவு. ஆனால் அப்போது கோலாலம்பூரில் நீங்களே இமிகிரேஷன் முடித்து, பையை எடுத்து, மறுபடி பதிவு செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. அது போனால் போனதுதான். என் விமானம் சென்னையில் 2 மணி நேரம் தாமதம். நான் விட்டிருந்த இடைவெளி 3 மணி நேரம். அந்த விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் வேறு இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதுக்கு ரயிலில் போக வேண்டும். இரண்டு டிக்கெட்டும் ஒரே முனையமா என்று பார்க்காமல் விட்டேன். ஆக, அடுத்த விமானம் தவறியது.

என்ன செய்யலாம்? ஒன்று, முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். இல்லையென்றால் கோலாலம்பூரில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை முதல் விமானத்தில் சண்டாக்கான் போங்கள். காலை விமானம் ஏன் என்றால், ஆற்றங்கரை விடுதிகளின் வேன் பெரும்பாலும் நாளுக்கு ஒரே முறை, நண்பகலை ஒட்டிக் கிளம்பும். சாலையில் இரண்டு, இரண்டரை மணி நேரம். அந்த வேனைப் பிடித்தால்தான் அன்றைய மாலைப் படகு கிடைக்கும்.

பை எடையையும் பாருங்கள். வெளிநாட்டு டிக்கெட்டில் 20 கிலோ சேர்ந்திருக்கலாம். மலிவு உள்நாட்டு டிக்கெட்டில் 7 கிலோ கைப்பை மட்டும் இருக்கும். எடையை டிக்கெட்டோடு வாங்காமல் விமான நிலையத்தில் வாங்கினால் விலை எங்கேயோ போய்விடும்.

5. விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

முகவர் வழியாகப் போனாலும் விடுதிக்கு நேராக மின்னஞ்சல் எழுதுங்கள். இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்:

மொத்தம் எத்தனை படகுச் சவாரி, ஒரு படகில் எத்தனை பேர்? 8 பேருக்குள் இருந்தால் நல்லது. 15 பேர் ஏறும் படகில் பேச்சுச் சத்தத்துக்கே குரங்கு நகர்ந்துவிடும். இரவுச் சவாரியும் இரவு நடையும் விலைக்குள் அடங்குமா, தனியா? வேன் எங்கே, எத்தனை மணிக்கு? மழை வெள்ளத்தால் படகு போகாவிட்டால் என்ன செய்வார்கள்? ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்பும்?

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மலேசியாவில் கீரை வதக்கலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது போடுவார்கள். மீன் சாஸ், இறால் விழுது, முட்டை எது கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கோலாலம்பூர் போலத் தடுக்கி விழுந்தால் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை என்ற நிலை சபாவில் இல்லை. அங்கே தமிழர்கள் மிகக் குறைவு. ஒரு பருப்புப் பொடியும் ஊறுகாயும் பையில் இருந்தால் மூன்று நாள் நிம்மதி.

இன்னொன்று. யானை கட்டாயம் தெரியும் என்று உறுதி சொல்லும் ஆளிடமும், குட்டி ஒராங்குட்டானைத் தூக்கிப் படம் எடுக்கலாம் என்று சொல்லும் ஆளிடமும் பணம் கட்டாதீர்கள். நம் சளி, காய்ச்சல் ஒராங்குட்டானுக்குத் தொற்றும், உயிரையும் எடுக்கலாம். உங்களுக்குச் சளி பிடித்திருந்தால் செப்பிலோக் மறுவாழ்வு மையத்துக்கு அன்று போகாமல் இருங்கள். கஷ்டம்தான், ஆனால் அதைச் செய்யுங்கள்.

6. மருத்துவரை 6 வாரம் முன்பே பாருங்கள்

கடைசி வாரத்தில் போனால் ஊசி போட்டும் பயன் குறைவு. டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் பேசுங்கள். மலேரியாவைக் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். சபா காடுகளில் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒரு வகை மலேரியா இருக்கிறது, நோலெசி என்று பெயர். ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் சீக்கிரம் முற்றிவிடும். தடுப்பு மாத்திரை வேண்டுமா, எது வேண்டும் என்பதை உங்கள் உடம்பைத் தெரிந்த மருத்துவர் முடிவு செய்யட்டும். டெங்குவும் உண்டு, அதற்குக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

எலிக்காய்ச்சலை யாரும் நினைப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஒரு சாகசப் போட்டியில் ஆற்றில் நீந்திய வீரர்கள் பலர் இதில் விழுந்தார்கள். காலில் புண்ணோடு ஆற்றுத் தண்ணீரிலும் சேற்றிலும் இறங்காதீர்கள்.

நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் கொண்டுபோங்கள். மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றைச் சீட்டில்லாமல் கொண்டுபோகவே வேண்டாம்.

காப்பீடு: மருத்துவமனைச் செலவோடு, காட்டிலிருந்து நோயாளியை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவும் உண்டா என்று படித்துப் பாருங்கள். விமான இணைப்பு தவறுவதற்கு ஈடு உண்டா என்பதையும் பாருங்கள். என் முதல் காப்பீட்டில் அது இருந்தது, ஆனால் தனித்தனி டிக்கெட்டுக்குப் பொருந்தாது என்று உள்ளே ஒரு வரி போட்டிருந்தார்கள். தொகையைவிட அந்த விலக்குப் பட்டியல்தான் முக்கியம்.

7. பை

வால்பாறை, டாப்சிலிப் பக்கம் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு அட்டை புதிதில்லை. அதே பாடுதான் இங்கேயும். ஒரு வித்தியாசம்: போர்னியோவின் புலி அட்டை தரையில் மட்டும் இருக்காது, இடுப்புயர இலையில் உட்கார்ந்து காத்திருக்கும். அட்டை ஏறாமல் தடுக்கும், முழங்கால் வரை வரும் காலுறை இரண்டு ஜோடி, சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகி நடக்கும் பழக்கம், இரண்டும் வேண்டும். உறையைச் செப்பிலோக் கடைகளிலும் விடுதியிலும் வாங்கலாம். அட்டை கடித்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை; நகத்தால் நெண்டி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உடுப்பில் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் மூன்று நாளானாலும் காயாது. மெல்லிய முழுக்கை சட்டை மூன்று, சீக்கிரம் காயும் பேன்ட் இரண்டு, நல்ல மழைக்கோட்டு. குடை படகில் பின்னால் இருப்பவருக்குத் தொல்லை. ஷூவை வாங்கிக் குறைந்தது ஒரு மாதம் உள்ளூரில் போட்டு நடந்துவிட்டுக் கொண்டுபோங்கள். சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ் பல விடுதிகளே தரும்; உங்கள் அளவு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

பெரிய லென்ஸுக்கும் பைனாகுலருக்கும் நடுவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பைனாகுலர் வாங்குங்கள். 8க்கு 42 அளவு (8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் லென்ஸ்) போதும். வீட்டில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். ஒன்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் இருவாச்சி அக்கரை போய்விடும். கேமரா உள்ளவர்கள் ஏசி அறையிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள், கண்ணாடி முழுக்கப் பனித்துவிடும். பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு எடுங்கள்.

கொசு மருந்து டீட் அல்லது பிகாரிடின் கலந்ததாக இருக்கட்டும். டீட் பிளாஸ்டிக்கை இளக்கும், பைனாகுலரைத் தொடுவதற்கு முன் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். நெற்றி விளக்கு, மூன்று சதுர முள் கொண்ட மலேசியப் பிளக்குக்கு ஓர் அடாப்டர், எல்லாவற்றையும் போட்டுக் கட்ட நீர் புகாத பை. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும்.

8. பணம்

சண்டாக்கானோடு ஏடிஎம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுக்காவ் போன பிறகு தேடாதீர்கள். ரிங்கிட்டைக் கையில் வைத்திருங்கள். விடுதி விலைக்கு மேல் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வரும். செப்பிலோக்கில் நுழைவு 30 ரிங்கிட், கேமராவுக்குத் தனியாக 10 கட்டினேன். உணவு வைக்கும் நேரம் காலை 10, பிற்பகல் 3. கால் மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள், பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள்.

இரண்டாவது பயணத்தில் இருவராகப் போனோம். அறையைப் பகிர்ந்தபோது ஒருவருக்கு ஆனது: சென்னை–கோலாலம்பூர் போக வர 19,000 ரூபாய், சண்டாக்கான் போக வர 11,000, கோலாலம்பூரில் ஓர் இரவு 2,000, செப்பிலோக்கில் 2 இரவு 5,000, ஆற்றங்கரையில் சாப்பாடும் படகும் சேர்த்து 3 இரவு 26,000, நுழைவு, டாக்சி, மற்ற சாப்பாடு 7,000, காப்பீடு, ஊசி, மாத்திரை 6,000, உறை, மழைக்கோட்டு, சில்லறைச் சாமான் 5,000. ஆக 81,000. பைனாகுலர் இதில் சேரவில்லை. இந்திய முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் மேலே டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள். அந்த ரசீதை வைத்திருந்து வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

வழிகாட்டிக்கும் படகோட்டிக்கும் ஏதாவது கொடுப்பதற்கென்று சின்ன நோட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். இலைக்குள் சுருண்டிருக்கும் பச்சைப் பாம்பை ஓடும் படகிலிருந்து கண்டுபிடித்துக் காட்டுகிறவர்கள் அவர்கள். அந்த ஊரைச் சேர்ந்தவர்கள். சுற்றிலும் எண்ணெய்ப் பனைத் தோட்டம் வந்துவிட்ட பிறகு மிஞ்சியிருக்கும் கரையோரக் காடு நிற்பதால் அவர்களுக்கு வருமானம் என்றால்தான் அந்தக் காடு நிற்கும்.

9. ஊர் திரும்பிய பிறகு

துணிகளையும் ஷூவையும் உடனே துவைத்து வெயிலில் போடுங்கள். தடுப்பு மாத்திரை எடுத்தவர்கள் ஊருக்கு வந்துவிட்டோம் என்று நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன நாள் வரை சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

அடுத்த இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ‘போர்னியோ காட்டில் தங்கியிருந்தேன், இந்தத் தேதியில் வந்தேன்’ என்று நீங்களாகவே சொல்லி, மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நோலெசி வகை நுண்ணோக்கியில் வேறொரு லேசான மலேரியாவைப் போலவே தெரியும்; நீங்கள் எங்கே போய் வந்தீர்கள் என்று தெரிந்தால்தான் மருத்துவர் அந்தச் சந்தேகத்தோடு பார்ப்பார்.